தொகையும் தடுப்பும்: மென்பொருள் சந்தாவோடு வந்த கிளவுட் கிரெடிட்டும் யாழ்ப்பாணக் குடாநாடும்

2010 பெப்ரவரியில் மைக்ரோசொஃப்டின் கிளவுட்டான அசூர் வணிகச் சேவையாகத் தொடங்கியபோது, அதன் மென்பொருளாளர் சந்தாவான எம்.எஸ்.டி.என். இன் உயர்தர வகையை வைத்திருந்த மென்பொருளாளருக்கு மாதம் 750 மணி நேரக் கணிப்பு சந்தாவோடு சேர்த்தே கிடைத்தது. 2013 ஜூனில் மணிக்கணக்கு பணக்கணக்காயிற்று: சந்தாவின் தரத்துக்கேற்ப மாதம் 50, 100, 150 டொலர் கிரெடிட். கடனட்டை விபரம் தராமலே அதைப் பயன்படுத்தலாம் என்ற அறிவிப்பும் அதே மாதம் வந்தது. கிரெடிட் தீர்ந்தால் சேவை நின்றுவிடும். அடுத்த மாதத் தொகை வந்ததும் மீண்டும் இயங்கும். கிளவுட் கிரெடிட்டின் வரலாற்றில் 150 என்ற எண்ணைவிட இந்தத் தடுப்புத்தான் பெரிய திருப்பம் என்பது இக்கட்டுரையின் வாதம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் இருந்து பார்ப்பவருக்கு இது இன்னும் துலக்கமாகத் தெரியும்.

போரினால் 1990 முதல் தேசிய மின்வலையமைப்பை இழந்திருந்த குடாநாடு, சுன்னாகம் வழியாக அதனோடு மீண்டும் இணைந்தது 2013 இல்தான். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் திருநெல்வேலியில் போர்க்காலத்திலேயே கணினி விஞ்ஞானம் கற்பித்து வந்தது. யாழ் ஐ.ரி. ஹப் என்ற அமைப்பு 2012 இல் தொடங்கிய யாழ் கீக் சலஞ்ச் போட்டி, இளைஞர்களைக் குழுவாகச் சேர்ந்து மென்பொருள் ஆக்க வைத்தது. ஆக்கியதை ஓடவிட ஓர் இடம் வேண்டுமே. அமேசன் தன் கிளவுட்டில் 2010 முதலே ஓராண்டு இலவசம் தந்தது. ஆனால் கணக்குத் திறக்க அட்டை வேண்டியிருந்தது, எல்லை தாண்டினால் கட்டணம் தானாக ஏறியது. மணிக்கு 10 அமெரிக்க சதம் பெறும் ஒரு மெய்நிகர் கணினியை நிறுத்த மறந்தால் 30 நாளில் 72 டொலர். 2022 தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ஐ எட்டியது. அந்த மறதியின் விலையும் 14,400 ரூபாயிலிருந்து 25,920 ஆயிற்று. வேலை தேடும் பட்டதாரியின் வீடு தாங்கக்கூடிய தொகையல்ல இது. பில் எவ்வளவு வரும் என்ற பயம் இருக்கும்வரை இலவசத்தையும் தொடக் கை வராது.

கிரெடிட் தீர்ந்ததும் சேவையை நிறுத்தும் அந்தத் தடுப்பு எல்லோருக்கும் கிடைக்கவில்லை என்பதே வரலாற்றின் மறுபாதி. எம்.எஸ்.டி.என். இன் இடத்துக்கு வந்த விசுவல் ஸ்ரூடியோ புரொஃபெஷனல் சந்தாவின் முதலாண்டு விலை 1,199 டொலர், 360 ரூபாய் வீதம் 431,640 ரூபாய். அதனோடு வரும் கிரெடிட் ஆண்டுக்கு 600 டொலர். கிரெடிட்டுக்காக இதை வாங்குவது கட்டாது. கொம்பனி எடுத்துக் கொடுத்தால்தான் உண்டு. மாணவருக்கு வேறு வழிகள் வந்தன: 2014 இன் கிட்ஹப் மாணவர் தொகுப்பு, பின்னர் அட்டையில்லாமல் 12 மாதத்துக்கு 100 டொலர் தரும் மாணவர் அசூர். இவற்றுக்கு மாணவர் என்ற சான்று வேண்டும். பல்கலைக்கழக மின்னஞ்சல் உள்ளவருக்கு இது சுலபம். படிப்பை முடித்து வேலையில் சேராதவருக்கும், வீட்டிலிருந்தே வெளிநாட்டு வேலை எடுத்துச் செய்பவருக்கும் அந்த வாசல் இல்லை.

சொந்தக் கணினியே போதும், 2014 முதல் விசுவல் ஸ்ரூடியோ கொம்யூனிட்டி இலவசம்தானே என்று சிலர் கேட்கலாம். நிரல் எழுதப் பழக அது போதும். ஆனால் 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. மின்சாரம் நின்ற நேரத்தில் வீட்டுக் கணினியில் உள்ள செயலியை ரொறன்ரோவில் இருப்பவர் சோதித்துப் பார்க்க முடியாது. சென்னையிலோ சிங்கப்பூரிலோ ஓடுவதற்கு அந்த மின்வெட்டு பொருட்டல்ல. கிரெடிட் என்பது ஆளைப் பிடித்துவைக்கும் தூண்டில் என்ற ஆட்சேபம் இதைவிடக் கனமானது. ஒரே கொம்பனியிடம் மட்டும் உள்ள தரவுத்தளத்தின்மேல் கட்டியவர் வெளியேற நிறையச் செலவிட வேண்டும், உண்மைதான். லினக்ஸ், போஸ்ட்கிரஸ் என்று கட்டியவர் 2022 நவம்பரில் இன்னொரு கிளவுட் சேவையான ஹெரோக்கு தன் இலவசத் திட்டத்தை மூடியபோதும் வேறிடம் போக முடிந்தது. பிழைப்பதிவை வாசிக்கவும், காப்புப்பிரதி எடுத்து மீட்கவும் கற்ற கை எந்தக் கொம்பனிக்கும் அடிமையல்ல.

2025 ஜூலையில் அமேசனும் இந்தப் பக்கம் வந்தது. புதிய இலவசத் திட்டத்தில் 200 டொலர் வரை கிரெடிட். அது தீர்ந்தாலோ 6 மாதம் கடந்தாலோ கணக்கு மூடப்படும். தடுப்பு பொதுவாகிவிட்டது, பதியும்போது கேட்கும் அட்டை மட்டும் மாறவில்லை. ஆகவே யாழ்ப்பாணத்தில் கணினிப் பயிற்சி தரும் நிறுவகங்கள் கிரெடிட்டைக் கூட்டித்தரக் கேட்பதற்கு முன், பயிலுநர் இன்னார் என்று தாமே உறுதிசெய்து அட்டையில்லாத கணக்கு எடுத்துக்கொடுக்கும் ஏற்பாட்டைக் கேட்கவேண்டும்.