அப்பாவின் மஞ்சப்பை

பேத்தி ஒன்பதாம் வகுப்பு. திருச்சியில் அவள் படிக்கும் பள்ளிக்கும் பிரான்சில் உள்ள ஒரு பள்ளிக்கும் சென்ற ஆண்டு ஒரு பரிமாற்றத் திட்டம் நடந்தது. இரு பக்கத்துப் பிள்ளைகளும் ஒரு வாரம் தங்கள் வீட்டில் என்ன வாங்கினார்கள், அது எதில் சுற்றி வந்தது, சுற்றியது எங்கே போனது என்று எழுதி அனுப்ப வேண்டும். பருவநிலை மாற்றத்தைக் கடைப்பையிலிருந்து தொடங்கிப் படிப்பதாம். பிரெஞ்சுக் கடிதங்களைப் படித்துச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. நான் பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். முப்பத்தைந்து வருடம் ஆங்கிலத்தில் கோப்பு எழுதியதில் அந்த மொழி துருப்பிடித்துக் கிடந்தது. சுரண்டிப் பார்த்ததில் உள்ளே கொஞ்சம் மிச்சம் இருந்தது.

எங்கள் ஸ்ரீரங்கம் வீட்டுப் பட்டியல் பெருமைப்படும்படி இல்லை. ஏழு நாளில் பால் கவர் மட்டும் பதினான்கு. கூரியரில் வந்த அட்டைப்பெட்டி மூன்று. பூவும் வெற்றிலையும்தான் வாழையிலையில் வந்தன. தமிழ்நாட்டில் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 1.1.2019 முதல் தடை. ஆனால் பால், தயிர், எண்ணெய், மருந்து உறைகளுக்கு அப்போது விலக்குக் கொடுத்துவிட்டார்கள். பிரான்சில் கடைகளில் கொடுக்கும் மெல்லிய பைகளை 2016 ஜூலையிலும், காய்கனி போட்டுக் கொடுக்கும் பைகளை 2017 ஜனவரியிலும் நிறுத்தினார்கள். எனினும் அந்தப் பிள்ளைகள் அனுப்பிய பட்டியல் நம்முடையதைவிட நீளம்.

அதைப் பார்த்ததும் எனக்குக் குஷி பிறந்துவிட்டது. "தாத்தா காலத்து வழக்கம்" என்று இரண்டு பக்கம் பிரெஞ்சில் எழுதிக் கொடுத்தேன். எண்ணெய்க்குத் தூக்குப் பாத்திரம், புளிக்கும் பருப்புக்கும் செய்தித்தாள் பொட்டலம், அதைக் கட்டிய சணல் நூலைக்கூட உருண்டையாகச் சுற்றி வைத்தது, குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்த கோலி சோடா பாட்டில், மந்தாரை இலைச் சாப்பாடு. உங்கள் நாட்டிலும் அப்போது 'ஃபிலே' என்ற வலைப்பை இருந்ததே, என் பாடப்புத்தகப் படத்தில் பார்த்திருக்கிறேன் என்றும் சேர்த்தேன். என் மனைவி கேட்டுவிட்டு, "தூக்கைப் புளி போட்டுத் தேய்ச்சது யாருன்னும் எழுதுங்க" என்றாள். எழுதவில்லை.

கடைசியில் மஞ்சப்பையைப் பற்றி எழுதினேன். நாம் இன்று பார்க்கும் பிளாஸ்டிக் பையின் வடிவம் ஸ்வீடன்காரர் ஸ்டென் குஸ்டாஃப் தூலின் என்பவர் அமைத்தது. 1965இல் அதற்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. நம் ஊரில் அது பரவியபோது மஞ்சப்பை பட்டிக்காட்டு அடையாளமாயிற்று. 'மஞ்சப்பை' என்று ஆளையே கூப்பிட்டுக் கேலி செய்தார்கள். 2021 டிசம்பர் 23 அன்று அரசே 'மீண்டும் மஞ்சப்பை' என்று இயக்கம் தொடங்கியதைச் சொல்லி, பார்த்தீர்களா என்று முடித்தேன்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. மரியாதையான கடிதம். இந்தியர் ஒருவர் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 டன் கரியமில வாயுவுக்குக் காரணமாகிறார், நாங்கள் அதைப்போல் இரண்டு மடங்கு. எங்கள் மின்சாரம் பெரும்பகுதி அணு உலையில் வருவதால்தான் இந்த அளவோடு நிற்கிறது என்று ஒப்புக்கொண்டிருந்தார்கள். பிறகு ஒரு கேள்வி. டென்மார்க் அரசின் சுற்றுச்சூழல் துறை 2018இல் போட்ட கணக்குப்படி, பருத்திப்பை ஒன்றைக் குறைந்தது 52 முறை பயன்படுத்தினால்தான் பருவநிலை விஷயத்தில் அது பிளாஸ்டிக் பைக்குச் சமமாகும். பருத்தி விளைய எவ்வளவு தண்ணீர், உரம், மின்சாரம்! உங்கள் தாத்தா தன் பையை எத்தனை முறை பயன்படுத்தினார்?

பேத்தி கொக்கியில் மாட்டியிருந்த பைகளை எண்ணினாள். கல்யாண வீடுகளில் தாம்பூலத்தோடு வந்தவை, அறுபத்து மூன்று. மணமக்கள் பெயர் அச்சடித்தவை. பெரும்பாலானவை ஒருமுறைகூடக் கடைக்குப் போனதில்லை.

"நீங்க ஒரே பையை எத்தனை வருஷம் வச்சிருந்தீங்க தாத்தா?"

நான் வைத்திருக்கவில்லை. வைத்திருந்தவர் என் அப்பா. பாண்டிச்சேரியில் ஒரு மில்லில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். 1984 ஆடிப்பெருக்குக்கு அம்மா மண்டபத்தில் குளிக்க வந்தார். பஸ்ஸை விட்டு இறங்கி நேரே கன்டோன்மென்டில் என் அலுவலகத்துக்கே வந்துவிட்டார், கையில் சாயம் போன மஞ்சப்பை. உள்ளே எனக்குப் பிடிக்கும் என்று துணியில் சுற்றிய பாண்டிச்சேரி நீள ரொட்டி. சகாக்கள் பையைப் பார்த்துச் சிரித்தார்கள். பெரிதாக ஒன்றும் இல்லை, ஒரு சிரிப்பு. அன்று சாயங்காலம் என்.எஸ்.பி. ரோட்டில் அவருக்கு வேட்டி எடுத்துக் கொடுத்தேன். அதைப் போட்டுத் தந்த பளபளப்பான பிளாஸ்டிக் பையைக் காட்டி, "இனிமே இதுல கொண்டுவாங்கப்பா" என்றேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. மஞ்சப்பையை நான்காக மடித்து என் வீட்டுத் திண்ணையிலேயே வைத்துவிட்டுப் போனார். அதைச் சைக்கிள் துடைக்க எடுத்துக்கொண்டேன்.

அந்தப் பிளாஸ்டிக் பையோடுதான் அதன்பின் ஒவ்வொரு முறையும் வந்தார். காது அறுந்த இடத்தைச் சணல் நூலால் கட்டியிருந்தார். கழுவிக் கொடியில் போட்டு, மடித்துத் தலையணைக்கு அடியில் வைப்பார். கடைசி இரண்டு வருடம் எங்களோடு ஸ்ரீரங்கத்தில் இருந்தபோதும் மருந்துச் சீட்டெல்லாம் அதில்தான். பன்னிரண்டு வருடம்! டென்மார்க்காரர் கணக்கெல்லாம் எங்கோ நின்றுவிடும்.

1996இல் அப்பா போன பிறகு அறையை ஒழித்தபோது அதை நானே குப்பையில் போட்டேன். ஸ்ரீரங்கம் நகராட்சி 1994இல் திருச்சி மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. எங்கள் குப்பை அரியமங்கலம் கிடங்குக்குப் போயிருக்கும். அங்கே ஏறத்தாழ 47 ஏக்கரில் மலையாய்க் கிடந்த பழைய குப்பையைச் சில ஆண்டுகளாகத் தோண்டிச் சலித்துப் பிரித்தார்கள். சைக்கிள் துடைத்த துணி எப்போதோ மண்ணாகியிருக்கும். பிளாஸ்டிக் பை சல்லடையில் அப்படியே வந்திருக்கும், சணல் முடிச்சு மட்டும் இல்லாமல்.

பிரான்சுக்குப் பதில் எழுத வேண்டும். பேத்தி நாள்தோறும் நினைவுபடுத்துகிறாள்.