வெற்றிலைப் பையும் உயிரணுவும்: தோட்டப்புறத்து வாய்ப் புற்றுநோயின் வரலாறு

கேமரன் மலையின் வரலாற்றை எழுதுவோர் 1885இல் வில்லியம் கேமரன் நடத்திய நில அளவையில் தொடங்கி, 1929இல் ஜே. ஏ. ரசல் நிறுவிய போ தேயிலைத் தோட்டத்திற்கு வந்து சேர்வது வழக்கம். அம்மலைச் சரிவுகளில் கொழுந்து பறித்த தமிழர்களைப் பற்றிய செய்தி அதற்குப் பின்னரே வரும். அவர்கள் தாயகத்திலிருந்து கொண்டு வந்தவற்றுள் ஒன்றைப் பற்றி மட்டுமே இங்குப் பேச விழைகிறேன். அஃது இடுப்பில் செருகிய வெற்றிலைப் பை.

தாம்பூலம் தமிழர்க்குத் தீயொழுக்கமன்று. திருமண உறுதியும் விருந்தும் அதனாலேயே நிறைவுறும். விடியற்காலைக் குளிரில் நிரைக்குச் செல்வோர்க்குப் புகையிலை சேர்த்து மென்ற வெற்றிலை பசியையும் அயர்வையும் மறக்கச் செய்தது. இதனை உணராமல் அப்பழக்கத்தை இகழ்ந்து மட்டும் பேசுகின்ற அறிவுரை எந்தப் பாட்டியின் செவியிலும் ஏறாது.

அப்பழக்கத்தின் மறுபக்கம், போ தோட்டம் தோன்றும் முன்னரே சென்னையில் அறியப்பட்டிருந்தது. அங்குப் பணியாற்றிய அறுவை மருத்துவர் நிப்லாக், கன்னத்தின் உட்புறத்தில் தோன்றும் புற்றுநோயை வெற்றிலை மெல்லுதலோடு தொடர்புபடுத்தி 1902இல் எழுதினார். 1933இல், அன்று திருவிதாங்கூரைச் சார்ந்திருந்த நெய்யூரின் மிஷன் மருத்துவர் ஐ. எம். ஓர் இதனையே விரிவாக ஆராய்ந்து வெளியிட்டார். வெற்றிலையை எப்பக்கக் கன்னத்தில் அடக்கி வைக்கின்றனரோ அப்பக்கமே பெரும்பாலும் புண் எழுகிறது. காரணமும் விளைவும் இவ்வளவு அருகருகே அமைந்த புற்றுநோய்கள் மிகச் சிலவே.

ஆயினும் புண் எழுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே கேடு தொடங்கிவிடுகிறது. உயிரணு ஒவ்வொன்றும் முன்னிருந்த உயிரணுவிலிருந்தே பிறக்கும் என்னும் கொள்கையை ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்கோவ் 1858இல் நிலைநாட்டினார். அதன்பின், நோயை உறுப்பில் தேடிய மருத்துவம் அதனை உயிரணுவில் தேடத் தொடங்கியது. புகையிலையிலும் பாக்கிலும் உள்ள நச்சுப் பொருள்கள் கன்னத்து உயிரணுவின் டிஎன்ஏவைச் சிதைக்கின்றன. உட்கரு பருத்து, சாயமிட்டால் கருமையாகத் தோன்றுகிறது. வெளியில் தெரிவதோ வலியற்ற ஒரு வெண்படலம். பாக்கு வேறொரு கேட்டையும் செய்கிறது. கன்னத்தின் உள்ளே நார்த்திசு மிகுந்து இறுகி, ஒரு கவளம் சோறும் நுழையாதபடி வாய் சுருங்குகிறது. இந்நோயை ஷ்வார்ட்ஸ் என்பவர் 1952இல் முதன்முதலில் விவரித்தது இந்தியாவில் அன்று. ஆப்பிரிக்காவின் நைரோபி நகரில் வாழ்ந்த 5 இந்தியப் பெண்களிடம். நம்மவர் புலம்பெயர்ந்த வழியிலேயே நோயும் பெயர்ந்திருக்கிறது.

மலேசியாவில் இதனை ஆராய்ந்தோருள் கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தின் கே. ராமநாதன் குறிப்பிடத்தக்கவர். பின்னர் 1993, 1994ஆம் ஆண்டுகளில் நாடு தழுவிய ஆய்வு ஒன்று நடைபெற்றது. 25 வயதைக் கடந்த 11,697 பேருடைய வாயை மருத்துவர்கள் நேரில் பார்த்தனர். புற்றுக்கு முந்திய மாற்றங்கள் இந்தியரிடையே 4.0 விழுக்காடாகவும், சீனரிடையே 0.5 விழுக்காடாகவும் இருந்தன. 1997 முதல் அரசு பல் மருத்துவர்கள் தோட்டங்களுக்கே சென்று வாய்ச் சோதனை செய்யும் திட்டம் நடைமுறைக்கு வந்தது.

அச்சோதனைக்கு வேண்டுவன ஒரு விளக்கும் சிறு கண்ணாடியும் பயின்ற கண்ணுமே. ஐயம் எழுமிடத்தில் டொலுயிடின் நீலம் என்னும் சாயம் துணைசெய்யும். டிஎன்ஏ மிகுந்த உயிரணுக்களில் அது கூடுதலாகப் பற்றி, எங்கிருந்து சதைத் துணுக்கு எடுக்கவேண்டும் எனக் காட்டும். முடிவு சொல்வது நுண்ணோக்கியே. இத்தகைய எளிய சோதனையால் உயிர் காக்க முடியுமா என்ற வினாவிற்கு விடை கேரளத்திலிருந்து வந்தது. திருவனந்தபுரம் மாவட்டத்தின் 13 ஊராட்சிகளில் மருத்துவர் சங்கரநாராயணனும் குழுவினரும் 1996இல் ஆய்வைத் தொடங்கினர். பயிற்சி பெற்ற நலப்பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று வாயைப் பார்த்தனர். புகையிலையோ மதுவோ பயன்படுத்துவோரிடையே வாய்ப் புற்றுநோய் இறப்பு 34 விழுக்காடு குறைந்ததென 2005இல் முடிவு வெளியாயிற்று. விலையுயர்ந்த கருவிகள் பலவும் இத்தகைய சான்றைக் காட்டியதில்லை என்பது என் கருத்து.

காலம் தாழ்த்தி வந்தோர்க்கான மருத்துவத்தில் சென்னை அடையாற்றுக்கு இடமுண்டு. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் அங்குப் புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. அவர் மகன் கிருஷ்ணமூர்த்தியும் வி. சாந்தாவும் முற்றிய கன்னப் புற்றுக்குக் கதிர்வீச்சோடு பிளியோமைசின் மருந்தையும் சேர்த்து அளித்து, 1970களில் முடிவுகளை வெளியிட்டனர். ஜப்பானிய அறிஞர் உமேசாவா மண்ணில் வாழும் நுண்ணுயிர் ஒன்றிலிருந்து பிரித்தெடுத்த மருந்து அது. உயிரணுவினுள் புகுந்து டிஎன்ஏ இழைகளை அறுப்பது. கதிர்வீச்சும் அதனையே செய்வதால் புற்றணு இருமுறை தாக்கப்பட்டது. கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களைவிட இவ்விரண்டும் பெற்றவர்களுக்கே கட்டி மறைவது மிகுந்திருந்தது.

புகையிலையை விட்டுவிட்டேன், பாக்கு மட்டும்தான் என்று கூறும் முதியோர் பலர். உலக நலவாழ்வு நிறுவனத்தைச் சார்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, பாக்கு தனித்தே புற்றுநோயை விளைவிக்கும் என 2004இல் அறிவித்துவிட்டது. இச்செய்தி இன்னும் பல வீடுகளை எட்டவில்லை.

இதற்கிடையே தோட்டப்புறமும் மாறிவிட்டது. கேமரன் மலையில் இன்று கொழுந்து எடுப்போருள் வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும் பலர். தமிழ்க் குடும்பங்களோ பெரும்பாலும் நகரங்களின் அடுக்குமாடி வீடுகளுக்குப் பெயர்ந்துவிட்டன. மருத்துவர் தோட்டத்திற்கு வரும் நாளில், லயத்தில் பிறந்து வெற்றிலை மென்று வளர்ந்த அப்பாட்டி எங்கோ ஓர் ஏழாம் மாடியில், பல் வலிக்கவில்லை என்பதால் வாயை யாரிடமும் காட்டாமல் அமர்ந்திருக்கிறார்.