கோடா, புள்ளியா? ஒரு தொழிற்சாலை வரைபடத்தின் கதை

ஸ்ரீபெரும்புதூர் என்றால் ஒரு காலத்தில் ராமானுஜர் அவதரித்த தலம் என்பதுதான் முதலில் நினைவுக்கு வரும். இன்று கார், செல்போன், கண்ணாடி! 1998-ல் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையிலிருந்து சான்ட்ரோ வெளிவந்தது. 2006-ல் நோக்கியா உற்பத்தியைத் தொடங்கியது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறக்கப்பட்டது. எத்தனை கோடி முதலீடு, எத்தனை பேருக்கு வேலை என்று எல்லோரும் எழுதிவிட்டார்கள். ஆனால் இந்த ஆலைகளில் முதல் தூண் நடுவதற்கு முன்பே வந்து சேர்ந்த ஒரு பொருளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அதுதான் கட்டட வரைபடம்.

'ப்ளூ பிரிண்ட்' என்ற சொல் நமக்குப் பழக்கமானது. 1842-ல் ஜான் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி கண்டுபிடித்த முறையில் நீலத் தாளில் வெள்ளைக் கோடுகளாகப் பிரதி வந்தது. அந்த நிறமே பெயராகிவிட்டது. பின்னர் வந்தது அம்மோனியா பிரிண்ட். டிரேசிங் பேப்பரில் மையால் வரைந்த படத்தை ரசாயனம் பூசிய தாளின் மேல் வைத்து ஒளி காட்டி எடுப்பார்கள். மூக்கைத் துளைக்கும் வாடை! இரண்டு முறையிலும் அசல் எந்த அளவோ பிரதியும் அந்த அளவுதான். ஆனால் தாள் ஈரத்தில் நீளும், வெயிலில் சுருங்கும். அதனால்தான் 'எழுதியுள்ள அளவையே பின்பற்றவும், படத்தை அளக்காதீர்' என்ற குறிப்பு வரைபடங்களின் மூலையில் இடம்பிடித்தது. இன்றும் அது போகவில்லை.

1963-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லேண்ட் 'ஸ்கெட்ச்பேட்' என்ற நிரலை உருவாக்கினார். அதில் கோடு என்பது படம் அல்ல, இங்கே தொடங்கி அங்கே முடிகிறது என்ற கணக்கு. இதுதான் வெக்டர். 1982-ல் வந்த ஆட்டோகேடும் இதே வழிதான். அன்றைய பேனா பிளாட்டரும் அந்தக் கணக்கைப் படித்து, ஒரு பேனாவைப் பிடித்து, தாளின் மேல் கோட்டை நிஜமாகவே இழுத்தது.

ராஸ்டர் என்பது வேறு. தாள் முழுவதையும் சிறு கட்டங்களாக்கி, ஒவ்வொரு கட்டமும் கறுப்பா வெளுப்பா என்று எழுதி வைப்பது. (லத்தீனில் 'ராஸ்ட்ரம்' என்றால் மண்ணை வாரும் பல் வைத்த கருவியாம். வரி வரியாகக் கீறுவதால் இந்தப் பெயர்.) பேரேட்டையே கையில் கொடுப்பது வெக்டர், பேரேட்டைப் போட்டோ எடுத்துக் கொடுப்பது ராஸ்டர் என்று வைத்துக்கொள்ளலாம். போட்டோவில் தொகையைப் படிக்கலாம், கூட்டல் போட முடியாது.

அடோபி நிறுவனம் 1984-ல் போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியையும், அதன் வழியில் 1993-ல் பி.டி.எஃப்.பையும் வெளியிட்டது. லேசர் பிரிண்டர், இங்க்ஜெட் எல்லாமே கடைசியில் புள்ளிகளைத்தான் அச்சிடுகின்றன. கோடு எப்போது புள்ளியாகிறது என்பதுதான் கேள்வி. தாளில் விழும் கடைசி நொடியிலா, அல்லது கோப்பு உருவாகும்போதேயா? பி.டி.எஃப். இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் எது எதுவென்று தெரியாது. வம்பே அங்கேதான்!

2000-ல் வெளிவந்து, 2002-ல் ஆட்டோடெஸ்க் வாங்கிய ரெவிட் மென்பொருளில் அச்சிடும்போது 'வெக்டர்', 'ராஸ்டர்' என்று இரண்டு வழிகள் உண்டு. வெறும் கோட்டுப் படமென்றால் வெக்டராக வரும். படம் எடுப்பாக இருக்கட்டும் என்று யாராவது நிழலும் வண்ணமும் சேர்த்தால், வெக்டரைத் தேர்ந்தெடுத்திருந்தாலும் மென்பொருள் தானே ராஸ்டருக்கு மாறிவிடும். 'நன்றாகத்தான் இருக்கிறது' என்று அனுப்பிவிடுவார்கள்.

இதில் என்ன நஷ்டம்? கணக்குப் போட்டால் தெரியும். 1:200 அளவில் வரைந்த ஆலைப் படத்தை அங்குலத்துக்கு 150 புள்ளிகள் வீதம் ராஸ்டராக்கினால், ஒரு புள்ளி தாளில் 0.17 மில்லிமீட்டர். தரையில் அது 34 மில்லிமீட்டர்! 300 புள்ளிகள் வைத்தாலும் 17 மில்லிமீட்டர். இயந்திரத்தின் அடித்தள போல்ட்டுக்குச் சில மில்லிமீட்டர் பிசகினாலே பொருந்தாது. சரி, புள்ளிகளைக் கூட்டுவோம் என்றால் கோப்பு வீங்கும். ஏ1 தாள் ஒன்றில் 300 புள்ளி வீதம் சுமார் 7 கோடிப் புள்ளிகள் இருக்கும்.

போல்ட்டின் இடத்தை எழுதிய அளவைப் பார்த்துத்தான் வைப்பார்கள் என்பது உண்மை. ஆனால் விலை கேட்கும்போது நடப்பது வேறு. கூரைத் தகடு, குழாய், தரைப்பூச்சு என்று ஒவ்வொரு வேலையும் துணை ஒப்பந்தக்காரர்களுக்குப் போகிறது. அவர்கள் கைக்கு மூலக் கோப்பு வருவது அரிது. பி.டி.எஃப். மட்டுமே வரும். எத்தனை மீட்டர், எத்தனை சதுர அடி என்று அதிலிருந்துதான் எடுக்க வேண்டும், அதுவும் கெடு முடிவதற்குள். வெக்டர் என்றால் சுட்டியை முனையில் வைத்ததும் கச்சிதமாக ஒட்டிக்கொள்ளும். ராஸ்டரில் கண்ணால் குறிபார்த்துச் சொடுக்க வேண்டும். கூட்டி அளந்தால் விலை ஏறி டெண்டர் போய்விடும். குறைத்து அளந்தால் டெண்டர் கிடைக்கும், லாபம் போய்விடும். 'படத்தை அளக்காதீர்' என்று மூலையில் எழுதியிருக்கிறதே என்றால், விலைப்புள்ளி போடுபவர் வேறு எதை அளப்பார்?

இன்னொரு பக்கமும் உண்டு. ஆலைகள் அப்படியே நிற்பதில்லை. ஹூண்டாய் 2008-ல் அதே வளாகத்தில் இரண்டாவது ஆலையைத் திறந்தது. நோக்கியா 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியது. ஐந்தாண்டு மூடிக்கிடந்த அந்த ஆலையை சார்ஜர் தயாரிக்கும் சால்காம்ப் வாங்குவதாக 2019-ல் அறிவிப்பு வந்தது. இப்படி ஆலை விரியும்போதும் கைமாறும்போதும் புதிதாக வரும் பொறியாளர் முதலில் கேட்பது பழைய வரைபடத்தைத்தான். ஆட்டோகேட் 2017 பதிப்பிலிருந்து பி.டி.எஃப்.பில் உள்ள கோடுகளை மீண்டும் திருத்தக்கூடிய கோடுகளாகவே எடுக்க முடிகிறது. ஆனால் வெக்டராக இருந்தால் மட்டும். ராஸ்டர் என்றால் வெறும் படமாகவே வரும், அதன் மேல் ஒருவர் உட்கார்ந்து மறுபடியும் முதலிலிருந்து வரைய வேண்டும். அந்த டிரேசிங் பேப்பர் காலத்து வேலைதான், அம்மோனியா வாடை மட்டும் இல்லை!

ராஸ்டரையே குறை சொல்வதும் நியாயமில்லை. பழைய அம்மோனியா பிரிண்டுகளை ஸ்கேன் செய்து காப்பாற்ற வேறு வழி ஏது? எழுத்துரு மாறிவிடும் தொல்லையும் அதில் கிடையாது. மூலக் கோடுகளைப் பிறர் எளிதில் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகத் தெரிந்தே ராஸ்டராக அனுப்புவோரும் உண்டு. அவர்கள் வடிவமைப்பு, அவர்கள் உரிமை.

வந்த கோப்பு எந்த வகை என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. அக்ரோபேட்டில் திறந்து 6400 சதவீதம் வரை பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். சாய்ந்த கோடு அப்போதும் வழுவழுப்பாக இருந்தால் வெக்டர். படிக்கட்டு தெரிந்தால், அனுப்பியவருக்குப் போன் போட்டு நிழலை எடுத்துவிட்டு மறுபடி அனுப்பச் சொல்ல வேண்டியதுதான்.