பிள்ளைகளின் குணமும் உண்ணும் உணவும்

‘மிஸாஜ்’ என்பது அரபிச் சொல். ‘கலத்தல்’ என்னும் பொருளுடைய வேரினின்று பிறந்தது. வெப்பம், குளிர்ச்சி, ஈரம், வறட்சி ஆகிய நான்கின் கலவையால் அமையும் உடல்தன்மையைப் பண்டைய ஹகீம்கள் அச்சொல்லால் குறித்தனர். நாளடைவில் மனிதரின் குணப்போக்குக்கும் அதுவே பெயராயிற்று. உடலின் கலவையும் உள்ளத்தின் போக்கும் ஒன்றையொன்று தொட்டு நிற்பவை என்று அக்கால அறிஞர் கருதினர் என்பதற்கு இச்சொல்லே சான்றாகும்.

ஹிஜ்ரி 428இல் (கி.பி. 1037) மறைந்த இப்னு ஸீனா தம் ‘அல்-கானூன்’ நூலில் பிள்ளை வளர்ப்புக்கெனத் தனிப் பகுதி ஒதுக்கினார். பிள்ளையைக் கடுங்கோபம், அச்சம், துயரம் ஆகியவற்றினின்று காக்க வேண்டும் என்றார். மிஸாஜ் கெட்டால் குணம் கெடும். குணம் கெட்டாலும் மிஸாஜ் கெடும் என்பது அவர் கருத்து. அவருக்கும் முன்னரே, பத்தாம் நூற்றாண்டில், கைரவான் நகரத்து இப்னு அல்-ஜஸ்ஸார் பிள்ளைகளின் பராமரிப்புக்கும் நோய்களுக்குமாக ஒரு முழு நூலையே யாத்தார்.

நான்கு தன்மைகளைப் பற்றிய கொள்கையை இன்றைய மருத்துவம் ஏற்பதில்லை. எனினும் அவர்கள் எழுப்பிய வினா மறையவில்லை. பிள்ளையின் பிடிவாதத்துக்கும் சிடுசிடுப்புக்கும் அது உண்ணும் உணவு காரணமாக இருத்தல் கூடுமா? பொல்லாத பிள்ளை என்று பெயர் சூட்டுவதற்கும் பிரம்பைக் கையில் எடுப்பதற்கும் முன் விடை காண வேண்டிய வினா இது.

முதலில் உறுதியான ஒரு சான்றைக் காண்போம். 1888இல் லண்டன் மருத்துவர் சாமுவேல் கீ ஒரு நோயை விவரித்தார். வயிறு உப்பி, கைகால் மெலிந்து, ஓயாத வயிற்றுப்போக்கால் வாடும் பிள்ளைகள். எந்நேரமும் அழுகையும் எரிச்சலுமாக இருப்பவர்கள். இதற்கு உணவிலேயே பரிகாரம் உண்டு என்று அவர் கருதினார். ஆயினும் எந்த உணவு பகை என்பது அவருக்குப் புலப்படவில்லை. ஹாலந்து நாட்டு ஹேக் நகரில் குழந்தை மருத்துவராயிருந்த வில்லெம் டிக்கே அதனைக் கண்டார். கோதுமை நீங்கிய உணவால் சில பிள்ளைகள் தேறுவதை அவர் 1930களிலேயே கவனித்து வந்தார். 1944-45ஆம் ஆண்டுகளின் பஞ்சக் குளிர்காலத்தில் அந்நாட்டில் ரொட்டி அரிதாயிற்று. அவருடைய எண்ணம் வலுப்பெற்றது. 1950இல் கோதுமை, ரை போன்ற தானியங்கள் இந்நோயாளருக்குக் கேடு என ஆய்வேடு எழுதினார். குளூட்டன் என்னும் புரதமே காரணம் எனப் பின்னர் தெளிவாயிற்று. இன்று ஸீலியாக் எனப்படும் இந்நோயில், பகையான தானியம் நீங்கினால் உடல் தேறுவதோடு பிள்ளையின் சிடுசிடுப்பும் தணியக் காண்கிறோம். அப்பிள்ளையின் குணக்கேடு என எண்ணப்பட்டது உண்மையில் நோயின் முறையீடே.

அடுத்த வரலாறு இத்துணை எளிதன்று. பெஞ்சமின் ஃபைன்கோல்ட் (1899-1982) சான்ஃபிரான்சிஸ்கோவில் ஒவ்வாமை மருத்துவராக விளங்கியவர். 1965இல் தோல் தடிப்புடன் வந்த ஒரு பெண்மணிக்குச் செயற்கை நிறங்களும் சில பழங்களும் நீக்கிய உணவை விதித்தார். தடிப்பு மறைந்தது. அப்பெண்மணிக்குச் சிகிச்சையளித்த மனநல மருத்துவரோ, அவருடைய கோபமும் முரட்டுத்தனமும் அடங்கியது எங்ஙனம் என்று வியந்து கேட்டார். இதனை ஃபைன்கோல்டே எழுதியுள்ளார். இருப்புக் கொள்ளாமல் துறுதுறுக்கும் பிள்ளைகளுக்கும் அம்முறையைக் கையாண்ட அவர், நூற்றுக்கு 30 முதல் 50 பேர் வரை திருந்துவதாக 1970களில் அறிவித்தார். தாய்மார் பல்லாயிரவர் அவர் சொல்லை ஏற்றனர்.

ஆயினும் அறிஞர் ஐயுற்றனர். ஒரு வீட்டின் அடுப்படியே பிள்ளைக்காக மாறும்போது, அதன்மீது பெற்றோர் வைக்கும் கவனமும் பெருகுகிறதன்றோ? திருத்தம் உணவால் வந்ததா, கவனிப்பால் வந்ததா? இதனை அறிய ஒரு சோதனை முறை கைக்கொள்ளப்பட்டது. நிறம் கலந்த பானத்தையும் கலவாத பானத்தையும் ஒன்றுபோல் தோன்றச் செய்து, இன்ன நாளில் இன்னது என்பதைப் பிள்ளையும் அறியாமல் பெற்றோரும் அறியாமல் கொடுப்பர். ஒரு சார்பு பேசும் சாட்சியை மட்டும் கொண்டு காஜியார் தீர்ப்பளிப்பதில்லை. அதுபோன்ற நீதி முறை இது.

1980இல் வெளியான அத்தகைய ஆய்வொன்றில் 22 சிறுபிள்ளைகளுக்கு ஏழு நிறங்களின் கலவை கொடுக்கப்பட்டது. ஒரு பிள்ளையிடம் இலேசான மாற்றம் தென்பட்டது. 34 மாதச் சிறுமி ஒருத்தியிடம் மாற்றம் கண்கூடாயிருந்தது. மற்றையோர் அத்தகைய மாற்றம் காட்டவில்லை. ஃபைன்கோல்ட் சொன்ன அளவு மெய்ப்படவில்லை. எனினும் அச்சிறுமியின் தாய் கண்டது பொய்யும் அன்று.

சர்க்கரையின் கதை வேறு. இனிப்பு தின்றால் பிள்ளைகள் ஆட்டம் போடுவர் என்பது அமெரிக்கத் தாய்மாரின் நெடுநாள் நம்பிக்கை. 1994இல் 35 சிறுவர்களைக் கொண்டு நடந்த ஆய்வில் ஒருவருக்கும் சர்க்கரை தரப்படவில்லை. ஆனால் தாய்மாருள் ஒரு சாராரிடம் ‘உங்கள் மகனுக்குச் சர்க்கரை தந்தோம்’ என்று சொல்லப்பட்டது. அவர்களே தம் பிள்ளைகள் அடங்காமல் திரிந்ததாக மிகுதியும் கூறினர். பிள்ளைகளை மிகுதியாகக் கண்டித்தவர்களும் அவர்களே. 1995இல் 23 சோதனைகளை ஒருங்கே ஆராய்ந்தோரும் சர்க்கரையால் பிள்ளைகளின் நடத்தை மாறுவதாகக் காணவில்லை. (பல்லுக்கு அது கேடு என்பது வேறு வழக்கு.)

2007இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தார் மூன்று வயதுப் பிள்ளைகள் 153 பேரையும், எட்டு ஒன்பது வயதினர் 144 பேரையும் சோதித்தனர். செயற்கை நிறங்களும் சோடியம் பென்ஸோயேட்டும் சேர்ந்த பானத்தால் துறுதுறுப்புச் சிறிதளவு கூடுவதைக் கண்டனர். விளைவு சிறியது, எல்லாப் பிள்ளைகளிடமும் ஒரே சீராக இல்லை. எனினும் ஐரோப்பிய ஒன்றியம், அந்த ஆறு நிறங்களில் எது சேர்ந்தாலும் பிள்ளைகளின் செயலுக்கும் கவனத்துக்கும் ஊறு நேரலாம் என உறையில் அச்சிடுமாறு 2010 ஜூலை முதல் பணித்தது. அவற்றுள் டார்ட்ரஸின், ஸன்ஸெட் எல்லோ, கார்மோய்ஸின், பொன்சோ 4ஆர் ஆகிய நான்கும் நம் நாட்டிலும் குறித்த அளவுக்குள் அனுமதிக்கப்பட்டவையே.

இவ்வரலாற்றினின்று நம் குடும்பங்கள் கொள்ள வேண்டுவன சில உள. பிள்ளைகளின் எல்லாக் குறும்புக்கும் உணவே காரணம் என்று சாதிப்பது தகாது. தூக்கக் குறைவும், காது கேளாமையும், வீட்டுச் சச்சரவும், உடன் படிப்போரின் கேலியும் பிள்ளையை மாற்றும். உணவால் ஒன்றும் நேராது எனத் தாயின் சொல்லைத் தள்ளுவதும் தகாது. ஐயம் இருப்பின், மருத்துவரைக் கலந்துகொண்டு, ஐயத்துக்குரிய ஒரு பொருளை மட்டும் சில வாரம் நிறுத்தி, நாள்தோறும் கண்டதை எழுதி வைத்து, மீண்டும் கொடுத்துப் பார்ப்பது நன்று. பால், முட்டை, கோதுமை என ஒவ்வொன்றாக நாமே விலக்கிக்கொண்டு போனால் வளரும் பிள்ளை மெலியும். ஸீலியாக் பற்றிய ஐயமாயின், இரத்தச் சோதனை முடியும்வரை கோதுமையை நிறுத்தலாகாது. நிறுத்தினால் நோய் சோதனைக்கு அகப்படாது போகும்.

நிறப்பொடியின் நிலை அத்தகையதன்று. கேசரிக்கும் பிரியாணிக்கும் நாம் தூவும் அப்பொடியால் உடலுக்கு ஊட்டம் ஏதுமில்லை. அதை விடுவதால் இழப்பும் இல்லை. சிறிது குங்குமப்பூவோ மஞ்சளோ கொண்டு நம் முன்னோர் விருந்து சமைத்தனர். பிள்ளைகள் உண்ணும் சட்டியில் நாமும் அவ்வாறே செய்யலாம்.