கொச்சித் துறையும் நம் பற்களும்

பல் போனால் சொல் போயிற்று என்பது நம் முன்னோர் வாக்கு. பிறந்த மண்ணை விட்டு அயல்மொழி வழங்கும் நாட்டில் குடியேறி வாழும் நமக்கு அவ்வாக்கு இருமடங்கு பொருந்தும். மட்டாஞ்சேரி வீதிகளில் மலையாளமும் கொங்கணியும் குஜராத்தியும் ஒலிக்கின்றன. தமிழோ பெரும்பாலும் இல்லத்தில், முதியோர் நாவில் உயிர்வாழ்கின்றது. அவர்தம் வாய்நலம் காப்பது மொழிநலம் காப்பதும் ஆகும். வாயைக் கெடுப்பது எது, காப்பது எது என்பதை வரலாற்றின் துணைகொண்டு சிறிது ஆராய்வோம்.

சங்கப் புலவர்கள் பற்களை முல்லையரும்புக்கும் முத்துக்கும் ஒப்பிட்டனர். அவ்வாயைச் சிவக்கச் செய்யும் தாம்பூலமும் நம்மிடையே தொன்மையானதே. சேரநாட்டு இளங்கோவடிகள் இயற்றியதாகப் போற்றப்படும் சிலப்பதிகாரத்தில், இறுதி உணவு உண்டு முடித்த கோவலனுக்குக் கண்ணகி வெற்றிலையும் பாக்கும் அளிக்கின்றாள்.

நூற்றாண்டுகள் பல கடந்தன. 1663இல் கொச்சியைக் கைப்பற்றிய டச்சுக்காரருள் வான் ரீட் என்னும் ஆளுநர் மலையாளநாட்டுச் செடிகொடிகளைப் பற்றிய பெருநூலொன்றைத் தொகுத்தார். இட்டி அச்சுதன் என்னும் நாட்டு மருத்துவரும், ரங்கபட், விநாயக பண்டிதர், அப்புபட் என்னும் கொங்கணி அறிஞரும் அவருக்குத் துணைநின்றனர். 'ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்' என்னும் அந்நூல் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. கமுகமரம் அதன் முதல் தொகுதியிலேயே இடம்பெற்றுள்ளது.

ஆயின் ஒன்றை நாம் மறத்தலாகாது. கண்ணகி அளித்த தாம்பூலத்தில் புகையிலை இல்லை. அமெரிக்க மண்ணுக்குரிய புகையிலை ஐரோப்பியரின் கப்பலேறி வந்த பின்னரே நம் வெற்றிலைச் செல்லத்தில் இடம்பிடித்தது. பழைய மரபென்று நாம் எண்ணுவதில் ஒரு பாதி, பிற்காலத்து இறக்குமதியே.

அதன் விளைவை ஆராய்ந்த பெரும்பணி ஒன்று நம் எறணாகுளம் மாவட்டத்திலேயே நிகழ்ந்தது. 1966இல் பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த டாக்டர் ஃபாலி மேத்தாவும், டென்மார்க்கு நாட்டுப் பேராசிரியர் பிண்ட்போர்க்கும், அவர்தம் குழுவினரும் சிற்றூர்களில் வீடுவீடாகச் சென்று மக்களின் வாய்களைச் சோதிக்கும் ஆய்வைத் தொடங்கினர். எழுபதுகளின் இறுதியில், இம்மாவட்டத்துப் புகையிலைப் பழக்கமுடையோர் ஏறத்தாழ 12,000 பேருக்கு அதன் தீமையை எடுத்துரைத்துப் பத்தாண்டுக்காலம் பின்தொடர்ந்தனர். பழக்கத்தைக் கைவிட்டோரிடம், புற்றுநோய்க்கு முன்னறிகுறியாக வாய்க்குள் தோன்றும் வெண்திட்டுகள் புதிதாக உண்டாவது பெரிதும் குறைந்தது. அறிவுரையால் ஒரு நோயை முன்கூட்டியே தடுக்கலாம் என்று உலகுக்குக் காட்டிய மாவட்டம் இது. புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றுநோய் விளைவிப்பதே என்று 2003இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை கூட்டிய அறிஞர் குழு முடிவு செய்தது.

இனிப் பல் துலக்கும் முறைக்கு வருவோம். ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் நம் ஊர் வழக்கம். இங்கு வந்தபின் உமிக்கரியும் பழுத்த மாவிலையும், நாவை வழிக்கத் தென்னை ஈர்க்கும் நமக்கு அறிமுகமாயின. பல்வலிக்கு மட்டாஞ்சேரிச் சரக்குக் கடைகளில் கிடைக்கும் கிராம்பு கைகொடுத்தது. கிராம்பெண்ணெயிலுள்ள யூஜினால் என்னும் பொருள் வலியை மரக்கச் செய்வது. பல் மருத்துவர்களும் துத்தநாக ஆக்சைடுடன் அதனைக் கலந்து தற்காலிகமாகக் குழியடைக்கப் பயன்படுத்துகின்றனர். எனினும் பழமை என்பதற்காக எல்லாவற்றையும் போற்றுதல் தகாது. உமிக்கரியை அழுத்தித் தேய்த்தால் பல்லின் மேற்பூச்சாகிய எனாமல் தேயும். தேய்ந்த எனாமல் மீண்டும் வளராது.

அங்ஙனமாயின் உமிக்கரியால் துலக்கிய பாட்டியின் பல்லில் சொத்தையில்லாமலும், பற்பசையால் துலக்கும் பேரனின் பல்லில் சொத்தை விழுந்தும் காணப்படுவது ஏன்? விடை தூரிகையில் இல்லை; தின்பண்டத்தில் உள்ளது. சொத்தையைப் 'பூச்சிப்பல்' என்கிறோம். உண்மையில் அங்குப் பூச்சி எதுவுமில்லை. வாயிலுள்ள நுண்ணுயிர்கள் மாவையும் சர்க்கரையையும் அமிலமாக மாற்ற, அவ்வமிலமே பல்லை அரிக்கின்றது என்று பெர்லினில் பணியாற்றிய மில்லர் 1890இல் விளக்கினார். இனிப்பு வாயிற்பட்ட சில நிமிடங்களில் அமிலம் பெருகும். உமிழ்நீர் அதனைத் தணிக்க அரைமணி முதல் ஒருமணி நேரம் வேண்டும்.

சுவீடன் நாட்டு வீப்பெஹோல்ம் என்னுமிடத்தில் மனவளர்ச்சி குன்றியோர் விடுதியில் 1945 முதல் நடந்த ஆய்வு, ஒட்டும் மிட்டாய்களை உணவுக்கு இடையே அடிக்கடி தின்பதே பெருங்கேடு என்று காட்டியது. தம் இசைவைத் தர இயலாத ஏழை உயிர்களின் பற்களைப் பலியிட்டுப் பெற்ற அறிவு அது. அதனை நாம் வீணாக்கலாகாது. எவ்வளவு இனிப்பு என்பதோடு எத்தனை முறை என்பதும் எண்ணத்தக்கது. மூன்று வேளை உணவோடு நின்ற பாட்டியின் வாய்க்கு ஓய்வு கிடைத்தது. காலைமுதல் சர்க்கரைத் தேநீர், பிஸ்கட்டு, சர்பத்து, அல்வா என்று இடைவிடாது இயங்கும் இன்றைய வாய்க்கு ஓய்வேது?

ஆதலின் நாம் செய்யத்தக்கவை சிலவே. இனிப்பை உணவோடு சேர்த்து உண்போம். இடைவேளையில் தண்ணீர் அருந்துவோம். காலையிலும் உறங்குமுன்னும் ஃபுளோரைடு கலந்த பற்பசையால் மென்மையாகத் துலக்குவோம். வாயில் ஆறாத புண்ணோ வெண்திட்டோ இரண்டு வாரத்திற்குமேல் நீடித்தால் மருத்துவரிடம் காட்டுவோம். வெற்றிலை பாக்கு நம் மங்கலத் தட்டில் மதிப்பின் அடையாளமாக என்றும் இருக்கட்டும். மெல்லும் பழக்கத்தை மட்டும் நம் தலைமுறையோடு நிறுத்துவோம்.

பாட்டி கதை சொல்ல வேண்டும். பேரன் அதனைத் தமிழில் கேட்க வேண்டும். அதற்குப் பல்லும் வேண்டும், சொல்லும் வேண்டும்.