11 வயசு வரை பாயின்ட்ஸ் டேபிளே கிடையாது! - ஹாலண்டை வளர்த்த நார்வே ஃபார்முலா

எர்லிங் ஹாலண்டைத் தெரியாத கால்பந்து ரசிகர் இருக்க முடியாது. 2022-23 சீஸனில் மான்செஸ்டர் சிட்டிக்காக பிரீமியர் லீக்கில் 36 கோல் அடித்து, ஒரே சீஸனில் அதிக கோல் என்ற சாதனையைப் படைத்தவர். ஆறடி நாலு அங்குலத்துக்கு மேல் உயரம். டிஃபெண்டர்கள் மோதினால் அவர்கள்தான் கீழே விழுவார்கள்.

ஆனா, இதே ஹாலண்ட் சின்ன வயசுல ஒல்லியான, குட்டிப் பையன். பதினைந்து வயதை ஒட்டித்தான் மடமடவென வளர்ந்தார். பத்து வயசுலேயே 'உயரமானவன், வேகமானவன் மட்டும் இந்தப் பக்கம் வா' என்று ஒரு கோச் பிரித்திருந்தால், அவர் எந்தப் பக்கம் நின்றிருப்பார்? யோசிச்சுப் பாருங்க. நல்லவேளையா, அவர் வளர்ந்த ஊரில் அப்படிப் பிரிக்கும் வழக்கமே இல்லை.

பிரைன் என்ற சின்ன ஊர்

ஹாலண்ட் பிறந்தது 2000 ஜூலையில், இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில். அப்பா ஆல்ஃபி அங்கே கால்பந்து வீரர். அம்மா கிரி மாரிட்டா பிராட் தடகள வீராங்கனை. ஹாலண்டுக்கு மூன்று வயதானபோது குடும்பம் சொந்த ஊரான பிரைனுக்குத் திரும்பியது. நார்வேயின் தென்மேற்கில், விவசாய நிலங்களுக்கு நடுவே இருக்கும் சின்ன ஊர் அது.

அங்கே ஆல்ஃப் இங்வே பெர்ன்ட்சன் என்ற கோச்சிடம் சுமார் 40 பிள்ளைகள் ஒரே குரூப்பாகப் பழகினார்கள். பெரும்பாலானவர்கள் 1999-ல் பிறந்தவர்கள். ஹாலண்ட் அவர்களைவிட ஒரு வயசு சின்னவர். செலக்‌ஷன் வைத்து யாரையும் கழித்துவிடவில்லை. பதின்ம வயது வரை அந்தக் கூட்டம் பெரும்பாலும் கலையாமலே இருந்தது. வார இறுதியில் ஊரின் உள்ளரங்க மைதானம் திறந்திருக்கும். கோச் இல்லை, விசில் இல்லை, பிள்ளைகளே டீம் பிரித்து மணிக்கணக்கில் ஆடுவார்கள். ஹாலண்ட் மட்டுமல்ல, அந்தக் குரூப்பில் இருந்து இன்னும் சிலரும் புரொஃபஷனல் வீரர்களானார்கள்.

சட்டமே போட்டுட்டாங்க

இது ஒரு கோச்சின் நல்ல மனசு மட்டும் இல்லை. நார்வே விளையாட்டுக் கூட்டமைப்பு குழந்தைகள் விளையாட்டுக்கென 1987-லேயே விதிகள் கொண்டுவந்தது. 2007-ல் 'விளையாட்டில் குழந்தைகளின் உரிமைகள்' என்ற பட்டியலையும் சேர்த்தது. கால்பந்து, பனிச்சறுக்கு, ஹேண்ட்பால் என எல்லா விளையாட்டுக்கும் இது பொருந்தும். முக்கியமானவை இவை:

* 11 வயதுக்கு முன் பாயின்ட்ஸ் டேபிள், ரேங்கிங் எதையும் வெளியிடக் கூடாது.
* 13 வயதுக்கு முன் தேசிய சாம்பியன்ஷிப் கிடையாது.
* பரிசு கொடுத்தால் எல்லா பிள்ளைகளுக்கும் கொடுக்கணும்.
* எந்த விளையாட்டு, எத்தனை விளையாட்டு, போட்டியில் ஆடணுமா வேண்டாமா என்பதைப் பிள்ளையே முடிவு செய்யலாம்.

'ஸ்கோர் இல்லாமல் என்ன விளையாட்டு?' என்று தோணும். பிள்ளைகள் கோல் எண்ணத்தான் செய்வார்கள், ஜெயிச்சா குதிக்கத்தான் செய்வார்கள். அதை யாரும் தடுப்பதில்லை. பெரியவர்கள் அந்த எண்ணை வைத்து லீக் நடத்துவதைத்தான் விதி தடுக்கிறது.

டேபிள் இல்லைன்னா என்ன மாறும்?

ஒரு கோச்சின் இடத்தில் இருந்து பாருங்க. எட்டு வயசு டீம், சனிக்கிழமை மேட்ச், டேபிளில் மூன்றாவது இடம். ஜெயிக்கணும்னா சுலபமான வழி எது? உயரமான பையனை முன்னால் நிறுத்தி, பந்தை அவனை நோக்கித் தூக்கி அடிக்கச் சொல்வது. சின்னப் பையன்களை பெஞ்ச்ல உட்கார வைப்பது. கோல் கீப்பர் பக்கத்தில் இருப்பவருக்கு பாஸ் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்கினால், தப்பு நடக்கலாம், கோல் விழலாம். அதனால் 'ஓங்கி அடி' என்று கத்துவார் கோச்.

அன்றைக்கு டீம் ஜெயிக்கும். ஆனா உயரமான பையன் ட்ரிபிள் பண்ணக் கற்றுக்கொள்ளவில்லை, கீப்பர் பாஸ் பண்ணக் கற்றுக்கொள்ளவில்லை, பெஞ்ச்ல இருந்தவன் எதையுமே கற்றுக்கொள்ளவில்லை. பதினாலு வயசுல மத்தவங்களும் வளர்ந்ததும், அந்த உயரமான பையனுக்கு இருந்த ஒரே ஆயுதமும் போயிடும். டேபிள் இல்லையென்றால், தப்பு பண்ணி கத்துக்கொள்ள பிள்ளைக்கு நேரம் கிடைக்கும். அந்தத் தப்பைப் பொறுத்துக்கொள்ள கோச்சுக்கும் தைரியம் வரும்.

மைதானமும் வயசுக்கு ஏற்றபடிதான் வளரும். 6-7 வயதில் பக்கத்துக்கு மூன்று பேர், 8-9 வயதில் ஐந்து பேர், அப்புறம் ஏழு, ஒன்பது. பதின்ம வயதுக்கு வந்த பிறகுதான் முழு மைதானத்தில் 11 பேர். ஆள் குறைந்தால் ஒவ்வொருவர் காலுக்கும் பந்து அடிக்கடி வரும், ஒளிஞ்சு நிற்க இடமே இருக்காது. ஒரு டீம் நாலு கோல் பின்தங்கினால், கூடுதலாக ஒரு ஆளை இறக்கிக்கொள்ளலாம் என்று ஒரு விதியும் உண்டு. ஆட்டம் சமமாக இருந்தால்தான் இரண்டு பக்கமும் ஏதாவது கற்றுக்கொள்ளும்.

ஜனவரிப் பையனும் டிசம்பர் பையனும்

வயசுப் பிரிவை ஜனவரி 1-ஐ வைத்துக் கணக்கிடுகிறார்கள் என்று வையுங்க. ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே டீம். எட்டு வயசுப் பிள்ளைக்கு அந்தப் பதினொரு மாத வித்தியாசம் ரொம்பப் பெரியது. உயரம், வேகம், சொல்வதைப் புரிஞ்சுக்கிற திறன் எல்லாமே மாறும். கோச் கண்ணுக்கு ஜனவரிப் பையன் 'திறமைசாலி'யாகத் தெரிவான். அவனுக்கு நல்ல டீம், நல்ல பயிற்சி, அதிக மேட்ச். சில வருஷத்தில் அவன் நிஜமாகவே முந்திவிடுவான். டிசம்பர் பையன் வேறு வேலை பார்க்கப் போயிருப்பான்.

1980-களில் கனடாவின் ஐஸ் ஹாக்கி வீரர்களின் பிறந்த மாதங்களைப் பார்த்த ஆய்வாளர்கள் இதைக் கண்டுபிடித்தார்கள். வருடத்தின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே அதிகம் இருந்தார்கள். பிறகு கால்பந்து அகாடமிகளிலும் இதே கதை தெரிந்தது. சீக்கிரமே பிள்ளைகளைக் கழித்துவிடும் இடத்தில், திறமை என்ற பெயரில் பல நேரம் பிறந்த தேதிதான் செலக்ட் ஆகிறது.

அப்போ லா மாசியா?

நியாயமான கேள்வி. பார்சிலோனாவின் லா மாசியா அகாடமி சின்ன வயசுலேயே பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கிறது. மெஸ்ஸி 13 வயசுல அங்கே போனார். லாமின் யமால் இன்னும் சின்ன வயசுலேயே சேர்ந்து, 15 வயசுல சீனியர் டீமில் ஆடிவிட்டார். ஆனா உலகம் முழுக்கத் தேடி ஆள் எடுக்கிற ஒரு பெரிய கிளப்புக்குச் சரிப்படும் வழி அது. ஒருவர் போனால் இன்னொருவர் வரிசையில் நிற்பார்.

சுமார் 55 லட்சம் மக்கள் மட்டுமே உள்ள நார்வேக்கு அந்த வசதி இல்லை. ஒவ்வொரு பிள்ளையும் முடிந்தவரை நீண்ட நாள் மைதானத்தில் இருந்தாகணும். பலன்? 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் 16 தங்கத்துடன் பதக்கப் பட்டியலில் முதலிடம். கால்பந்தில் 1998-க்குப் பிறகு முதல்முறையாக 2026 உலகக் கோப்பைக்குத் தகுதி.

குறையே இல்லையா என்றால், இருக்கு. கோச்களில் பெரும்பாலானோர் சம்பளம் இல்லாமல் வரும் பெற்றோர்கள்தான், எல்லா ஊரிலும் பெர்ன்ட்சன் கிடைக்க மாட்டார். கிளப் கட்டணமும் எல்லா குடும்பத்துக்கும் சுலபமில்லை.

நீங்க கேட்க வேண்டிய கேள்விகள்

தம்பியையோ, அக்கா பொண்ணையோ கால்பந்து கோச்சிங்கில் சேர்க்கப் போறீங்களா? 'எத்தனை கப் ஜெயிச்சிருக்கீங்க?' என்று கேட்பதற்கு முன் இதைக் கேளுங்க.

1. மேட்ச்ல எல்லா பிள்ளைகளும் ஆடுவாங்களா, சிலர் பெஞ்ச்லயே இருப்பாங்களா?
2. ஒரே இடத்தில் ஆட வைப்பீங்களா, மாத்தி மாத்தி ஆட விடுவீங்களா?
3. வேற விளையாட்டும் ஆடினா உங்களுக்கு ஓகேவா?
4. போன வருஷம் சேர்ந்தவங்கள்ல எத்தனை பேர் இன்னும் வர்றாங்க?

நாலாவது கேள்விக்கான பதிலைக் கவனமாகக் கேளுங்க. கப்பை ஷோகேஸில் வைத்துக் காட்டிவிடலாம். விட்டுப்போன பிள்ளைகளை யாரும் கணக்கு வைப்பதில்லை. அதில் எத்தனை பேர் பதினைந்து வயசுல வளர இருந்தவர்கள் என்பதும் யாருக்கும் தெரியாது.