முன் அச்சின் மூட்டுகள்: ஜீப்பும் வீட்டுப் பட்டறையும்

சாதாரண வண்டியில் பின் சக்கரங்கள் தள்ளும், முன் சக்கரங்கள் திரும்பும். நான்கு சக்கர இயக்கம் கொண்ட வண்டியிலோ முன் சக்கரங்களுக்கு இரண்டு வேலை. என்ஜின் விசையை வாங்கிச் சுழலவும் வேண்டும், ஸ்டியரிங் காட்டும் பக்கம் திரும்பவும் வேண்டும். நேரான இரும்புத் தண்டு சுழலும், ஆனால் வளையாது. எனவே சக்கரத்துக்கு அருகில் தண்டைப் பிரித்து நடுவே ஒரு மூட்டு வைக்க வேண்டியிருக்கிறது. நான்கு சக்கர இயக்கத்தின் வரலாறு பெருமளவு இந்த மூட்டின் வரலாறே ஆகும். எந்த மூட்டு சிறந்தது என்ற கேள்வியோடு, தேய்ந்தால் அதை யார் சரிசெய்வது என்ற கேள்வியும் அதில் சேர்ந்தே வருகிறது.

பழைய மூட்டும் அதன் குறையும்

இருப்பவற்றில் எளியது யுனிவர்சல் ஜாயிண்ட். இரண்டு கவைகள், நடுவில் கூட்டல் குறி போன்ற ஒரு துண்டு, அவ்வளவுதான். 16ஆம் நூற்றாண்டு இத்தாலிய அறிஞர் கார்டானோவின் பெயராலும், 1676இல் இதை விளக்கி எழுதிய ஆங்கிலேய விஞ்ஞானி ராபர்ட் ஹூக்கின் பெயராலும் இது அழைக்கப்படுகிறது.

இதற்கு ஒரு குறை உண்டு. மூட்டு மடங்கியிருக்கும்போது ஒரு பக்கம் சீராகச் சுழன்றாலும் மறுபக்கம் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை வேகமெடுத்து இருமுறை தளரும். 30 பாகை மடக்கில், உள்ளே வரும் வேகம் 100 என்றால் வெளியே போவது சுமார் 87க்கும் 115க்கும் இடையே ஏறி இறங்கும். இதனால் திருப்பத்தில் ஸ்டியரிங் உதறும்.

இருந்தும் முன்னோடிகள் அதை வைத்தே தொடங்கினர். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் கிளின்டன்வில் என்ற சிற்றூரில் பட்டறை நடத்திய ஆட்டோ சகோவும் அவருடைய மைத்துனர் வில்லியம் பெசர்டிச்சும், பந்துக் கிண்ணத்துக்குள் யுனிவர்சல் ஜாயிண்டைப் பொதிந்து, திரும்பும் சக்கரத்துக்கு விசை தரும் அமைப்புக்கு 1908இல் காப்புரிமை பெற்றனர். அதிலிருந்து எழுந்த எஃப்.டபிள்யூ.டி. நிறுவனத்தின் லாரிகள் முதல் உலகப் போரில் ஆயிரக்கணக்கில் ஓடின.

சீரான வேகம் தேடி

வேக ஏற்ற இறக்கத்தை ஒழிக்க 1920களில் பலர் முயன்றனர். பிரான்சில் ழான் ஆல்பெர் கிரெகுவாரும் பியர் ஃபெனாயும் டிராக்டா மூட்டைக் கொண்டுவந்தனர். அமெரிக்காவில் ஃபோர்டு பொறியாளர் ஆல்பிரெட் ரெசெப்பா ஆறு எஃகு உருண்டைகளை வளைந்த பள்ளங்களில் உருளவிட்டார். வேகம் சீரானது. ஆனால் அந்தப் பள்ளங்களை நுட்பமாகக் கடைய உயர்ந்த இயந்திரங்கள் தேவைப்பட்டன.

இரண்டாம் உலகப் போரில் இதுவே நெருக்கடியானது. வில்லிஸ், ஃபோர்டு நிறுவனங்கள் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்தன. ஒவ்வொன்றுக்கும் முன்னால் இரண்டு மூட்டுகள். ஒரே வகையை நம்பியிருக்க முடியாததால் பெண்டிக்ஸ், ரெசெப்பா, டிராக்டா, ஸ்பைசர் என நான்கு வகைகள் ஒரே மாதிரி ஜீப்புகளில் பொருத்தப்பட்டன. பழுதுபார்ப்பவர் முதலில் உள்ளே இருப்பது எது என்று அறிய வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்த ஜீப்

போர் முடிந்ததும் உபரி ஜீப்புகளும், 1945இல் வந்த சிஜே-2ஏ என்ற பொதுமக்கள் ஜீப்பும் விவசாயிகளிடம் சேர்ந்தன. இந்தியாவில் மஹிந்திரா நிறுவனம் 1947இல் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கியது. நல்ல சாலையில் முன் மூட்டுகள் வீணாகச் சுழன்று தேய்வதைத் தடுக்க, ஆர்தர் வார்ன் 1948இல் சக்கரத்தை அச்சிலிருந்து விடுவிக்கும் ஹப்பை விற்பனைக்குக் கொண்டுவந்தார்.

பின்னாளைய ஜீப்புகளின் முன் அச்சில் பெரும்பாலும் பழைய யுனிவர்சல் ஜாயிண்டே நிலைத்தது. 1972 முதல் சிஜே ஜீப்புகளுக்கு வந்த டானா 30 அச்சிலும் அதுதான். காரணம், நான்கு சக்கர இயக்கம் சேற்றிலும் மணலிலும் மெதுவாகப் போகும்போதுதான் தேவை. அங்கே உதறல் பெரிதல்ல. தேய்ந்தால் மாற்றுவதும் எளிது. சக்கரம், பிரேக், ஹப் ஆகியவற்றைக் கழற்றித் தண்டை உருவி, சர்க்ளிப்புகளை நீக்கி, வைஸில் இரண்டு சாக்கெட்டுகளுக்கு இடையே வைத்து நெருக்கினால் பேரிங் மூடி வெளியே வரும். புதிய கிராஸைப் பொருத்தும்போது ஊசி பேரிங்குகளைக் கிரீஸால் ஒட்டவைக்க வேண்டும். ஓர் ஊசி சரிந்து அடியில் விழுந்தாலும் மூடி முழுதாக இறங்காது, சர்க்ளிப் பள்ளத்தில் உட்காராது. பொறுமை வேண்டும், கடைசல் இயந்திரம் வேண்டியதில்லை.

டொயோட்டா லேண்ட் குரூசர், மாருதி ஜிப்ஸி போன்றவை உருண்டை மூட்டையே ஏற்றன. பிரிட்டிஷ் நிறுவனம் ஒன்றின் பெயரால் அது பர்ஃபீல்ட் எனப்படும். திருப்பத்தில் ‘டக் டக்’ என்று ஒலித்தால் பள்ளம் தேய்ந்திருக்கிறது என்று பொருள். தேய்ந்த பள்ளத்தை வீட்டில் புதுப்பிக்க முடியாது. ஆனால் உரிமையாளர்கள் அதற்கும் ஓர் உபாயம் கண்டனர். இடது மூட்டை வலப்புறமும் வலது மூட்டை இடப்புறமும் மாற்றிப் போட்டால், முன்னோக்கி ஓடும்போது சுமை பள்ளத்தின் தேயாத பக்கத்தில் விழும். இன்னும் சில காலம் ஓட்டலாம்.

ரெசெப்பாவின் மூட்டு சீரான சுழற்சியைத் தந்தது. அதன் வழிவந்தவையே இன்று முன் சக்கர இயக்கக் கார்களில் பெரும்பாலும் உள்ளன. ஆனால் ஹூக் விளக்கிய குறையுள்ள மூட்டு 2018இல் வந்த ஜீப் ராங்ளரின் முன் அச்சிலும் இடம்பெற்றது. ஒரு கருவி நீடித்து நிற்க நேர்த்தி மட்டும் போதாது, பழுதானால் கைக்கு அடங்கவும் வேண்டும் என்பதற்கு இது நல்ல சான்று எனலாம்.